சுயநிதிப் பொறியியல் கல்லூரியா, அரசு கலைக் கல்லூரியா: நானும் தங்கையும் படித்த கதை

நான் கவுன்சிலிங்கில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரிக்குப் போனேன். தங்கை ஊரிலேயே அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், அதுவும் இரண்டாவது ஷிப்ட். வெளியிலிருந்து பார்த்தால் போட்டியே கிடையாது. எங்களுக்கு ஏசி செமினார் ஹால், தெருமுனை வரை வரும் பஸ், வைஃபை. அங்கே கால் ஆடும் பெஞ்ச், மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் வராத கழிப்பறை. ஆனால் இன்றைக்கும் காலேஜ் பேச்சு எடுத்தால் முகம் மலர்வது அவளுக்குத்தான்.

பணம் ஒரு காரணம். அவளுடைய ஒரு வருஷக் கட்டணம் என் ஒரு மாத மெஸ் பில்லுக்குக் காணாது. கல்விக் கடனில் படித்தவன் நான், ஒவ்வொரு வகுப்பிலும் 'இதுக்கா இவ்வளவு' என்று கணக்குப் போட்டபடியே உட்கார்ந்திருப்பேன். இப்போது அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022-லிருந்து மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அரசுக் கல்லூரியில் அது கட்டணம் போக மிஞ்சும், எங்கள் மாதிரி இடத்தில் கல்லூரி பஸ்ஸுக்கே பத்தாது.

பாடம் நடத்துவதில் எங்கள் கல்லூரிதான் மேல், அதை மறைக்க வேண்டியதில்லை. சிலபஸ் முடியும், மாடல் எக்ஸாம் நடக்கும், பிளேஸ்மென்டுக்குக் கம்பெனி வரும். அவளுக்குப் பாதி பேப்பர் எடுத்தது தற்காலிகமாக வரும் கௌரவ விரிவுரையாளர்கள், செமஸ்டர் நடுவில் ஆள் மாறும். ஆனால் எம்.எஸ்சி.க்கு ஐஐடி போக 'ஜாம்' என்று ஒரு தேர்வு இருப்பதையே அவளுக்குச் சொன்னது அப்படி வந்த ஒரு மேடம்தான். வகுப்பு முடிந்தும் மரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுவாராம். எங்கள் எச்.ஓ.டி.க்கு நாலு வருஷமும் நான் ரோல் நம்பர்தான்.

என்னைக் கசக்க வைத்தது வேறு. கல்லூரிக்காகவே வெளியூர் போட்டிக்குப் போய் வந்தேன், அந்த ஓ.டி.யை, அதாவது கல்லூரி வேலையாகப் போனேன் என்ற பதிவை, யாரோ ஏற்ற மறந்ததில் அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மூன்று வாரம் ஆபீஸுக்கும் டிபார்ட்மென்டுக்கும் அலைந்தேன், கடைசியில் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார்கள். தங்கை கல்லூரியில் தண்ணீர் வராததற்குப் பிள்ளைகள் கும்பலாகப் போய் முதல்வர் அறை வாசலில் நின்றார்கள், ஒரு வாரத்தில் மோட்டார் ஓடியது.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரத்துக்கு மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு, மெயிலில் லிங்க் வரும். முதல் கேள்வியே சிலபஸ் எவ்வளவு முடிந்தது என்பதுதான். அது வந்தபோது எங்களை லேபில் உட்காரவைத்து "எல்லாத்துக்கும் நாலு போடுங்கப்பா" என்றார்கள். நாலுதான் அதில் உச்ச மதிப்பெண், போட்டோம். காகிதத்தில் நான் பரம திருப்தி.

சரி, எதில் சேரலாம் என்று கேட்டால், கேம்பஸ் வேலை கட்டாயம் வேண்டும் என்பவருக்கு இன்றும் நல்ல தனியார் கல்லூரியைத்தான் சொல்வேன். சேரும் முன் அங்கே படிக்கும் சீனியர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, அட்டெண்டன்ஸ் தப்பாக ஏறினால் திருத்த எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேளுங்கள்.