அழைக்காமல் வரும் இழுவை லாரி: பினாங்குக்கு ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் கவனத்திற்கு

சுங்கை சிப்புட்டிலிருந்து காலையில் பினாங்குக்குப் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற குடும்பங்கள் நிறைய உண்டு. கல்யாணப் புடவை, மருத்துவமனை, தண்ணீர்மலை முருகன் என்று ஆளுக்கொரு காரணம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நெடுஞ்சாலையில் கார் நின்றுபோனால், நீங்கள் அழைக்காமல் தானாக வந்து நிற்கும் இழுவை லாரியைக் காரைத் தொட விடாதீர்கள். வந்த ஆள் ஒளிரும் மேலங்கி போட்டிருந்தாலும், வாய் நிறைய ‘ஐயா’ என்றாலும், நம் தமிழிலேயே பேசினாலும் விடாதீர்கள். எங்களிடம் 1,850 ரிங்கிட் கேட்டார்கள். 950 ரிங்கிட் கொடுத்துக் காரை மீட்டோம். காரில் பழுதாகியிருந்தது ஒரே ஒரு ரப்பர் குழாய்.

தங்கை மகளுக்குக் கல்யாணம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில்தான் கூறைப்புடவை எடுக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். அத்தை, என் மனைவி, மணப்பெண், நான் என்று நால்வர், பழைய புரோட்டோன் சாகா ஒன்று. முந்திய நாளே டயர் காற்று, எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் பார்த்து, டச் அண்ட் கோ அட்டையிலும் பணம் ஏற்றியாகிவிட்டது. போக வரச் சுங்கக் கட்டணம் போதுமா என்று கணக்குப் போடும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டணம், திரும்பும்போது கிடையாது.

எங்கள் ஊர்க்காரர்கள் ஈப்போ பக்கம் இறங்கி, ஜெலாப்பாங்கில் ஏறி, மெனோரா சுரங்கப்பாதை வழியாகச் சுற்ற வேண்டிய அவசியமில்லை. பழைய சாலையிலேயே வடக்கே போய்க் கோலகங்சாரில் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். நெடுஞ்சாலை வருவதற்கு முன் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் ஓடிய வண்டிகளெல்லாம் எங்கள் ஊர்க் கடைத்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தச் சாலையில் வண்டி நின்றால், தோட்டத்திலிருந்து யாராவது கயிறும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டு வருவார்கள். 1994இல் நெடுஞ்சாலை முழுவதுமாகத் திறந்த பிறகு அது கிலேடாங் மலைக்கு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. இப்போது வண்டி நின்றால் வேறு மாதிரி ஆட்கள் வருகிறார்கள்.

கமுந்திங்கைத் தாண்டிச் சற்று தூரத்தில் வெப்ப முள் ஏறத் தொடங்கியது. முன்மூடியிலிருந்து ஆவி வந்தது. அவசரத் தடத்தில் ஒதுக்கி, நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, எல்லோரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் பறக்கும் சாலையில் காருக்குள் உட்கார்ந்திருப்பது போன்ற ஆபத்து வேறில்லை. நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார்: எந்தத் திசை, சாலையோரப் பலகையில் என்ன கிலோமீட்டர் எண், காரில் எத்தனை பேர். ரோந்து வண்டி புறப்படுகிறது, காத்திருங்கள் என்றார்.

தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஓர் இழுவை லாரி எங்கள் காருக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கியவருக்கு முப்பது வயதிருக்கும். “ஐயா, பிளஸிலிருந்து தகவல் வந்தது. பாட்டி வெயிலில் நிற்கிறார்கள், முதலில் வண்டியில் ஏறட்டும்” என்றார். இலவசம்தானே என்று கேட்டேன். “காப்புறுதியில் பார்த்துக்கொள்ளலாம் ஐயா” என்றார். இந்தப் பதிலைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாத பதில். பிற்பாடு பட்டறையில் விசாரித்தபோதும் அதையே சொன்னார்கள். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி. “தம்பி, உன் லாரிக் கதவில் ஏன் பெயரே இல்லை?” சரக்கு வண்டிகளின் கதவில் உரிமையாளர் பெயரும் எடையும் எழுதியிருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். இந்த லாரியின் கதவில் அந்த இடத்தை மறைத்து ஒரு காந்த அட்டை ஒட்டியிருந்தது. அதில் 24 மணி நேரச் சேவை என்று கொட்டை எழுத்தில் மலாயில் போட்டிருந்தது. புது வண்டி, இன்னும் எழுதவில்லை பாட்டி என்று சிரித்தார். பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய உதவியாள் காரின் முன்சக்கரங்களைத் தூக்கி முடித்துவிட்டார்.

பிறகு ஒரு தாள் வந்தது. காரை நகர்த்தச் சம்மதம் என்று மலாயில் அச்சடித்திருந்தது. தொகை எழுத வேண்டிய கட்டம் காலி. கையெழுத்துப் போடாமல் காரை இங்கே வைத்திருந்தால் அபராதம் வரும் என்று மிரட்டல் வேறு. நான் அந்தக் காலிக் கட்டத்தில் குறுக்கே கோடு கிழித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். தங்கை மகள் அந்தத் தாளையும், லாரியின் எண்ணையும், காரின் வேகமானியையும், கிலோமீட்டர் பலகையையும் வரிசையாகப் படம் பிடித்தாள். கல்யாணப் பெண் எதையாவது படம் பிடித்துக்கொண்டே இருக்கிறாளே என்று என் மனைவிக்கு எரிச்சல். அன்றைக்குப் பாதிப் பணத்தைக் காப்பாற்றியது அந்தப் படங்கள்தான்.

அடுத்த வெளிவழியில் இறங்கினோம். சுங்கச் சாவடியைத் தாண்டியதும் இங்கேயே நிறுத்துங்கள் என்றேன். இங்கே நிறுத்த இடமில்லை என்று சொல்லிவிட்டு லாரி ஓடியது. அப்போதுதான் என் தொலைபேசி ஒலித்தது. “நீங்கள் சொன்ன கிலோமீட்டரில் நிற்கிறோம். உங்கள் காரைக் காணவில்லையே?” உண்மையான ரோந்துப் படை! பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரோந்துக்காரர் சொன்னார்: எங்கள் வண்டி வந்திருந்தால் மிக அருகிலுள்ள சுங்கச் சாவடி அல்லது பாதுகாப்பான இடம் வரை கார்களை இலவசமாகவே இழுத்துக் கொடுப்போம்.

லாரி போய்ச் சேர்ந்தது ஒரு தொழிற்பேட்டையின் பின்வரிசைப் பட்டறை. தகரக் கூரை, உயரமான இரும்புக் கதவு, உள்ளே வரிசையாகத் தூசி படிந்த கார்கள். அந்தத் தூசியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. அவை பழுது பார்க்க வந்த கார்கள் அல்ல, பணம் கட்ட முடியாமல் கிடக்கிறவை. இந்த வியாபாரத்தின் அடிப்படையே அதுதான். இழுத்துக்கொண்டு வருவது தூண்டில். காரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதில்தான் பணம். ஒவ்வொரு நாளுக்கும் வைப்புக் கட்டணம் ஏறும். ஏழைக் குடும்பம் கடன் வாங்கித் திரும்பி வருவதற்குள் கட்டணம் காரின் விலையை எட்டிப் பிடித்துவிடும்.

விலைச்சீட்டைப் பார்த்தோம். இழுவை, தூக்குக் கூலி, நெடுஞ்சாலை நுழைவு, பரிசோதனை, வைப்பிடம். ‘நெடுஞ்சாலை நுழைவு’ என்றால் என்ன என்று கேட்டேன். யாரிடமும் பதிலில்லை. கூடவே, எஞ்சின் தலைப்பகுதி போய்விட்டது, மாற்றினால் இன்னும் சில ஆயிரம் ஆகும் என்றார் பட்டறைக்காரர். முன்மூடியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே சொன்னார் என்பதுதான் வேடிக்கை.

கையில் ஆவணம் இல்லாதவன் இங்கே தோற்றுவிடுவான். அவர்கள் நீட்டிய சம்மதத் தாளில், என் கோட்டின் மேலேயே 1,850 என்று எழுதப்பட்டிருந்தது. தங்கை மகள் கைப்பேசியை நீட்டினாள். அதே தாள், அதே கையெழுத்து, கட்டத்தில் வெறும் கோடு. “மாமா, இதை அப்படியே போலீசில் காட்டலாம்” என்று மலாயில் சத்தமாகச் சொன்னாள், எல்லோருக்கும் புரியட்டும் என்று. பட்டறைக்காரர் உள்ளே போனார், யாரிடமோ பேசினார், திரும்பி வந்தார். தொகை இறங்கத் தொடங்கியது. 950இல் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. சாயங்காலம் கதவைப் பூட்டினால் இன்னொரு நாள் வைப்புக் கட்டணம் சேரும் என்பதால் கட்டினோம்.

பணத்தை எண்ணிக் கொடுத்தது அத்தை. புடவைக்கென்று முடிந்து வைத்திருந்த பணம் அது. அத்தை பால் மரம் வெட்டியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். எங்கள் ஊர்க்காரரான துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களை வாங்கப் பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அத்தையின் தகப்பனாரும் அதில் ஒருவர். “பத்து வெள்ளிக்குக்கூட அன்றைக்கு ரசீது கொடுத்தார்கள். இதற்கு ரசீது எங்கே?” என்று அத்தை மேசையை விட்டு நகரவில்லை. அவர் நின்ற நிலையில்தான் பட்டறை முத்திரையோடு ரசீது கிடைத்தது. முத்திரையில் நிறுவனப் பதிவு எண் இல்லை. அதையும் எழுதச் சொல்லி வாங்கினோம்.

அந்த ரசீதின் அருமை பிறகுதான் தெரிந்தது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். லாரியின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு போனால் யார் மேல் வழக்கு என்று எழுதுவது? 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம் அது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, நாமே போய்ப் பேசலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். நம்மவர்கள் மன்றம் என்ற சொல்லைக் கேட்டதும் வாழ்நாள் முழுக்க அலைய வேண்டியிருக்கும் என்று பயப்படுகிறார்கள். பட்டறைக்காரர்களுக்கு இந்தப் பயமே போதும். பட்டறைகள் வாடிக்கையாளரிடம் விவரங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2002இலேயே இதே சட்டத்தின் கீழ் விதிமுறை வந்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தகரக் கொட்டகையில் ஒரு விலைப்பலகைகூட இல்லை.

காரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்தது எங்கள் காப்புறுதி நிறுவனம் அனுப்பிய லாரி. காப்புறுதிப் பத்திரத்திலேயே இழுவைச் சேவைக்கான எண் இருக்கும். தூரத்துக்கோ தொகைக்கோ ஒரு வரம்பு இருக்கும். நாம் அந்த எண்ணை அழைத்து அவர்கள் அனுப்பும் லாரிக்குத்தான் அந்த வசதி. வழியில் வந்து தானாக மாட்டிக்கொண்டு போன லாரிக்குக் கொடுத்த பணத்தைத் தர மாட்டோம் என்று எங்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆக, ‘காப்புறுதியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அவர்கள் வாயில் வரும் பச்சைப் பொய். ஊரில் எங்கள் மெக்கானிக் முன்மூடியைத் திறந்த உடனே சிரித்தார். ரேடியேட்டரின் மேல் குழாய் வெடித்திருந்தது. எஞ்சின் தலைப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பிளஸ் எண்ணையும் உங்கள் காப்புறுதியின் இழுவை எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வையுங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். புகை வரும் நேரத்தில் கை நடுங்கும், தேட முடியாது. லாரி ஒன்று வந்து நின்றால், உங்கள் பெயரும் நீங்கள் கொடுத்த தொலைபேசி எண்ணும் என்ன என்று அந்த ஆளிடமே கேளுங்கள். நிஜமாகவே அனுப்பப்பட்டவருக்கு அது தெரிந்திருக்கும். தடுமாறினால் பிளஸ் எண்ணை மீண்டும் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அந்த லாரியின் எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். பாதிப் பேர் அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

எல்லா இழுவை லாரிக்காரர்களும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. காப்புறுதி அனுப்பிய தம்பி, தண்ணீர்ப் புட்டிகள் கொண்டுவந்து அத்தைக்கு முதலில் கொடுத்தார். கூலி எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கொடுத்ததையும் தயங்கித்தான் வாங்கினார்.

புடவை பிறகு ரயிலில் போய் எடுத்தோம். சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். ஏறிப் பட்டர்வொர்த்தில் இறங்கினால் பக்கத்திலேயே ஃபெரி. அக்கரையில் இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போய்விடலாம். புடவைப் பெட்டிகள் அதிகம் என்றால் கார்தான் வசதி, மறுக்கவில்லை. வார இறுதியில் போவதாக இருந்தால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

போலீஸ் புகாரின் நகல், ரசீது, சம்மதத் தாளின் இரண்டு படங்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்பாயத்தில் மனுவைக் கொடுத்தாகிவிட்டது. விசாரணைக்கு அத்தையும் வருகிறார். ‘நெடுஞ்சாலை நுழைவு’ என்றால் என்ன என்று அவரே கேட்கப் போகிறாராம்.