ஏழு வருடமாக ஒரே கத்தி

2018-ல் ஒசாகா போனபோது, பக்கத்திலிருக்கும் சக்காய் நகரில் இந்தக் கத்தியை வாங்கினேன். கத்திப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் அது. 17 சென்டிமீட்டர் சந்தோகு, அதாவது காய்கறி, இறைச்சி எல்லாவற்றுக்கும் ஆகும் ஜப்பானியச் சமையல் கத்தி. விஜி-10 என்ற எவர்சில்வர் வகை எஃகு, மக்னோலியா மரப்பிடி. நம் காசுக்கு 190 சிங்கப்பூர் வெள்ளி. பெட்டியில் போட்டு, செக்-இன் பண்ணிக் கொண்டுவந்தேன். விலையைக் கேட்டதும் அம்மா, "எவர்சில்வர் கத்திக்கா? தேக்காவில் பத்து வெள்ளிக்கு வாங்கலாமே" என்றார்.

முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது. சின்ன வெங்காயம் நசுங்காமல் சீவலாக விழுந்தது, கொத்தமல்லி கறுக்கவில்லை. அழுத்தவே வேண்டாம், இழுத்தால் போதும். இதை நான் ரொம்பப் புகழப்போவதில்லை. நல்ல கத்தி வெட்டத்தான் செய்யும்.

எவர்சில்வர் என்றால் துருவே பிடிக்காது என்ற நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. இந்த எஃகில் குரோமியம் 15 சதவீதம் வரை உண்டு. அது காற்றோடு சேர்ந்து மேலே மெல்லிய படலம் கட்டிக்கொள்வதால்தான் துரு அண்டுவதில்லை. உப்பு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். ஒரு நாள் ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கி, உப்பும் சாறும் அப்படியே இருக்க, கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பழுப்புப் புள்ளிகள். சோடா மாவைக் குழைத்துத் தேய்த்ததில் நிறம் போனது, ஊசிமுனை அளவு குழி மட்டும் இன்னும் இருக்கிறது.

ஆனால் நிஜமான வேலை வாங்கியது மரம்தான். வார்னிஷ் அடிக்காத பிடி என்பதால் ஈரக்கையில் வழுக்காது, அது சுகம். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அது தாங்கவேண்டுமே! ஆறு மாதத்தில் மஞ்சள் கறை ஏறி, இழை எழும்பிச் சொரசொரத்தது. நல்லெண்ணெய் தடவினேன். இரண்டு வாரத்தில் பிசுபிசுப்பு, கூடவே சிக்கு வாடை. உப்புத்தாளால் தேய்த்தெடுத்துவிட்டு, உணவுப் பாத்திரங்களுக்கான மினரல் ஆயிலுக்கு மாறினேன். மாதம் ஒரு முறை தடவி, இரவு முழுக்க விட்டுத் துடைத்தால் போதும்.

நாலாவது வருடம் பிடி ஆடத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், மரத்துக்குள் செருகியிருந்த வால் பகுதி செம்பழுப்பாக இருந்தது. அலகு சேரும் இடத்திலிருந்த மயிரிழை இடைவெளி வழியே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ரோஸ்வுட்டில் வேறு பிடி போட 45 வெள்ளி ஆனது. இப்போது அந்த இடுக்கில் தேன்மெழுகை உருக்கி அடைத்து வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் ஆட்டம் இல்லை.

சாணை விஷயத்தில் ஒரு முறை சூடுபட்டேன். கடையில் கொடுத்தபோது சக்கரத்தில் தேய்த்து, நுனியை உருட்டையாக்கித் திருப்பித் தந்தார்கள். அதோடு அந்தக் கடைக்குக் கும்பிடு. 1000 நம்பர் சாணைக்கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு நானே தீட்டுகிறேன். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படவேண்டும். தட்டுப்பட்டால் கத்தியைத் திருப்பலாம். தக்காளித் தோல் வழுக்கினால் கல்லை எடுப்பேன், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வரும்.

இந்த எஃகு கடினமானது, அதனால் வளையாது, உடையும். மச்சான் ஒருவர் உறைந்த கோழியை இதால் பிளந்து, கத்தியின் விளிம்பில் அரை மில்லிமீட்டர் சில்லு பெயர்த்துவிட்டார். அதைத் தீட்டிச் சமன்செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சமையலறையில் பல கை புழங்கும் வீடு என்றால் இதை வாங்காதீர்கள். எலும்புக்கு எங்கள் வீட்டில் தடித்த வெட்டுக்கத்தி தனியாக இருக்கிறது.

அம்மா இப்போது வெங்காயத்துக்கு இதைத்தான் எடுக்கிறார். மீன் வந்தால் மட்டும் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அருவாமனையை இழுத்துப் போட்டுக்கொள்வார். அதற்குச் சாணை பிடித்து எத்தனை வருடம் ஆயிற்றோ, அவருக்கே நினைவில்லை.