பெட்டியில் 5.1, பின்பக்கம் இரண்டே ஓட்டை: டர்பனில் ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன், அதன் புறநகர்களான சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் தீபாவளித் தள்ளுபடியில் ஸ்பீக்கர் செட் வாங்க நினைத்திருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் வேறு வேறு பிராண்டுப் பெயர்களில் பல கடைகளில் அடுக்கியிருப்பதை அதன்பிறகு பார்த்தேன்.

1960-களில் கட்டிய சாட்ஸ்வொர்த் வீடுகளில் இருப்பவர்களுக்கு எங்கள் லவுஞ்சின் (வரவேற்பறையின்) அளவைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சுவரில் டிவி, எதிர்ச்சுவரை ஒட்டி சோஃபா, நடுவில் நடக்க வழி, அவ்வளவுதான். கடைப் பையனிடம் தெளிவாகவே சொன்னேன்: செட் சின்னதாக இருக்க வேண்டும், 3,000 ராண்டுக்குள் வேண்டும், டிஎஸ்டிவி டிகோடரும் (சாட்டிலைட் சேனல் பெட்டி) டிவியும் இணைய வேண்டும், படம் பார்க்கும்போது பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் தனியாகப் பேச வேண்டும். "இதுதான் ஆன்ட்டி உங்களுக்கு. ஃபைவ் பாயின்ட் ஒன், டால்பி எல்லாம் இருக்கு" என்று ஒரு பெட்டியைத் தட்டினான். விலை 2,799 ராண்ட். பெட்டியில் பெரிய எழுத்தில் "5.1 சரவுண்ட்", அதன் கீழே "12,000 வாட் பிஎம்பிஓ".

கேட்டுப் பார்க்கவும் வைத்தான். யுஎஸ்பி குச்சியைச் செருகி ஒரு குத்துப்பாட்டைப் போட்டு ஒலியை ஏற்றினான். ஐந்து சின்ன ஸ்பீக்கரும் பாடின, சப்வூஃபர் தரையை அதிர வைத்தது. நாலு பக்கமும் சத்தம் வந்தால் சரவுண்ட் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏமாற்று வேலையே அந்தப் பாட்டில்தான் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் அன்று இரவே அத்தை சீரியல் பார்க்க உட்கார்ந்தார். திரையில் மருமகள் சமையலறையில் நின்று அழுகிறாள், அழுகை சோஃபாவுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அத்தை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "யாருடி அது ஜன்னல் பக்கம்?" என்றார். சிரித்தோம்தான். ஆனால் படம் போட்டுப் பார்த்தபோதும் அதே கதை. முன்னால் வரும் வசனமும் இசையும் அப்படியே பின்னாலும் வருகின்றன. பெட்டியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

5.1 என்றால் ஐந்து தனித்தனி ஒலித்தடங்கள்: முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது. அந்தப் புள்ளி ஒன்று, தாழ்ந்த, அதிரும் சத்தங்களுக்கென்று சப்வூஃபருக்குப் போகும் தடம். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். மழையோ ஹெலிகாப்டரோ வேண்டும்போது மட்டும் பின்பக்கம் பேசும். டிஎஸ்டிவி பெட்டியும் டிவியும் இந்தத் தடங்களைச் சுருக்கி ஒரே கேபிளில் அனுப்பும். ஸ்பீக்கர் செட்டுக்குள் இருக்கும் ஒரு டீகோடர் சிப் அதைப் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்குக் கொடுக்க வேண்டும். அப்படி அனுப்ப வீட்டில் நமக்குப் பெரும்பாலும் இருக்கும் வழி இரண்டு: எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும் வசதி), இல்லையென்றால் ஒளி வழியாக ஒலியை அனுப்பும் ஆப்டிகல் கேபிள்.

நான் வாங்கிய செட்டின் முதுகில் இவை இரண்டும் இல்லை. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ஜோடி ஆர்சிஏ ஓட்டை, அதாவது இடது, வலது. அதோடு ப்ளூடூத், எஃப்எம், யுஎஸ்பி. ப்ளூடூத்தில் வருவது இரண்டு தடம். எஃப்எம் இரண்டு தடம். யுஎஸ்பி குச்சியில் நாம் போட்டு வைத்திருக்கும் எம்பி3 பாட்டும் இரண்டு தடம். ஆக, இந்தப் பெட்டிக்குள் ஐந்து தடம் நுழைய ஒரு வாசல்கூடக் கிடையாது. இரண்டை வாங்கி ஐந்தாக நகல் எடுத்துத் துப்புகிறது. கடையில் பாட்டைப் போட்டுக் காட்டியதன் காரணமும் இதுதான். பாட்டு எல்லா ஸ்பீக்கரிலும் வந்தால் நன்றாகத்தான் இருக்கும். படத்தைப் போட்டிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும்.

சில செட்களில் ஆறு ஆர்சிஏ ஓட்டை இருக்கும், அதைக் காட்டி "இது நிஜமான 5.1" என்பார்கள். ஒரு காலத்தில் அது சரி. அந்தக் கால டிவிடி பிளேயர் சிலவற்றில் ஆறு வயரையும் வெளியே எடுக்கும் வசதி இருந்தது. இன்று லவுஞ்சில் இருக்கும் டிவிக்கு அது கிடையாது. எதிலிருந்து இணைப்பீர்கள்?

வாட் கணக்கும் பார்த்துவிடுவோம். பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 230 வோல்ட், 60 வாட் என்று இருந்தது. 60 வாட்டை இழுக்கும் பொருள் 12,000 வாட்டை எங்கிருந்து கொடுக்கும்? நம் சுவர் பிளக்கே 16 ஆம்பியர், 230 வோல்ட்டில் அது தாங்குவதே 3,680 வாட்தான். பிஎம்பிஓ என்பது கண் இமைக்கும் நேர உச்சத்தை வைத்து அவரவர் விருப்பத்துக்குப் போடும் எண். அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. தொடர்ந்து கொடுக்கும் சக்தியைச் சொல்வது ஆர்எம்எஸ். பெட்டியில் அது அச்சிடப்படவே இல்லையென்றால் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம் என்பது என் கட்சி.

இனி கடைக்காரர் புராணம். திருப்பிக் கொண்டுபோனபோது அதே பையன் என்னை முன்பின் பார்க்காதவன் மாதிரி நின்றான். மேனேஜர் வந்தார். முதலில் "உங்கள் டிவியில் செட்டிங் சரியில்லை" என்றார். பிறகு "லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) முடிந்து கரண்ட் வரும்போது அடித்திருக்கும், அதற்கு வாரன்டி கிடையாது" என்றார். கரண்ட் அடித்து எரிந்தால் செட் பாடாது. இது ஜோராகப் பாடுகிறது, இல்லாத ஓட்டையை எந்த மின்சாரமும் அடைத்துவிட்டுப் போகவில்லை. அதைச் சொன்னதும் கல்லாவுக்கு மேல் ஒட்டியிருந்த "பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" பலகையைக் கை காட்டினார். வேண்டுமானால் 20 சதவீதம் கழித்துக்கொண்டு கடைக்கான வவுச்சர் தருவதாகப் பெரிய மனது பண்ணினார்.

இந்தப் பலகையைப் பார்த்துப் பயந்து திரும்பியவர்கள் எத்தனை பேரோ. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் நம் பக்கம் இருக்கிறது. பொருள் எதற்கு வேண்டும் என்று நாம் கடைக்காரரிடம் சொல்லி, அவரும் அதற்கு ஏற்றது என்று கொடுத்தால், அந்தத் தேவைக்கு அது பொருந்த வேண்டும். அது பிரிவு 55. அந்தத் தரம் இல்லாவிட்டால் கையில் வாங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நாம்தான், கடை இல்லை. அபராதம் எதுவும் பிடிக்கக் கூடாது, திருப்பி அனுப்பும் செலவும் அவர்களுடையது. அது பிரிவு 56. சட்டம் கொடுத்த உரிமையைக் கடைப் பலகையோ பில்லின் பின்பக்க அச்சோ பறிக்க முடியாது என்பது பிரிவு 51. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பொருள் நல்லபடி இருந்து, நிறம் பிடிக்கவில்லை என்று மனம் மாறினால், கடையில் நேரில் வாங்கியதற்கு இந்த உரிமை கிடையாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் வேறு, 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் பெரும்பாலான பொருட்களுக்கு ஏழு நாள் தருகிறது. அனுப்பும் செலவு மட்டும் நம் தலையில்.

எனவே வவுச்சரை வாங்காமல் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். பில்லின் நகல், பெட்டியில் இருந்த 5.1 எழுத்தின் படம், முதுகின் படம், வாங்கும்போது நான் கேட்டது என்ன என்ற விவரம், எல்லாவற்றையும் சேர்த்து ஈமெயிலும் அனுப்பினேன். முதலில் கடைக்கு எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். அவர்களிடம் புகார் கொடுக்க நமக்குக் கட்டணம் எதுவும் இல்லை. கடை பதில் போடாததால் அங்கே கொடுத்துவிட்டேன்.

சரி, கடைக்குப் போனால் என்ன செய்வது? முகப்பைப் பார்க்காதீர்கள், முதுகைக் காட்டச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது ஆப்டிகல் இருக்க வேண்டும். இருந்தாலும் கடையின் டிவியில் இணைத்து 5.1 சோதனை ஒலியைப் போடச் சொல்லுங்கள். "பின் இடது" என்று குரல் வரும்போது அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேச வேண்டும். முன்னாலும் சேர்ந்து பேசினால் வெளியே வந்துவிடுங்கள். டிவியின் ஒலி அமைப்பு பிசிஎம் (சுருக்காத ஒலி) என்றிருந்தால் ஆப்டிகலில் இரண்டு தடம்தான் வெளியே போகும், பிட்ஸ்ட்ரீம் அல்லது டால்பி டிஜிட்டல் (சுருக்கிய ஐந்து தடமும் அப்படியே போகும் அமைப்பு) என்று மாற்றிவிட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் நல்ல செட்டையும் தவறாக ஒதுக்கிவிடுவீர்கள்.

எங்களைப் போல சோஃபா சுவரை ஒட்டியிருந்தால் பின் ஸ்பீக்கரைத் தலைக்குப் பின்னால் திணிக்காதீர்கள். உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி, காதுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். பணம் குறைவென்றால் போலி ஐந்தைவிட டிவிக்குக் கீழே வைக்கும் ஒழுங்கான சவுண்ட்பாரும் (நீளமான ஒற்றை ஸ்பீக்கர்) சப்வூஃபரும் எவ்வளவோ மேல். ஏஆர்சி இருக்கிறதா, பின் ஸ்பீக்கரைப் பிறகு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகார் எண் வந்திருக்கிறது, கடையின் பதிலுக்குக் காத்திருக்கிறேன். வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். 12,000 வாட் என்று போட்ட செட்டை டர்பன் பக்கம் வேறு யாராவது வாங்கியிருந்தால் முதுகையும் ஸ்டிக்கரையும் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.