இலை காசும் இன்சூரன்ஸ் தவணையும்: மூணு பாலிசி பாத்துட்டு ஒண்ணுல நின்ன கதை

கோத்தகிரில ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் போடற சின்ன கடை வச்சிருக்கேன். அது போக ஒன்றரை ஏக்கர் தேயிலை, அப்பா பாத்துக்கறார். கடைக்கு வர்றவங்கள்ல வாரத்துக்கு ரெண்டு பேராவது "ஏனுங்க, வீட்டுக்கு எந்த இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்க"ன்னு கேக்கறாங்க, நின்னுட்டே பதில் சொன்னா பாதி விட்டுப்போகுது, அதான் உக்காந்து எழுதிட்டேன். நான் ஏஜெண்ட் இல்ல, கமிஷனும் கிடையாது. ஒரு தடவை நல்லா சூடு பட்டவன், அவ்வளவுதான்.

காசே கட்ட வேண்டாத ஐட்டத்தை முதல்ல சொல்லிடறேன். முதலமைச்சர் காப்பீட்டு கார்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா வேற எதையும் யோசிக்காம அதை வாங்குங்க. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், பழைய வியாதி இருந்தாலும் முதல் நாள்லேருந்தே செல்லும், தனியார் கம்பெனி எதுவும் இதுக்கு பக்கத்துல வர முடியாது. விஏஓ கிட்ட வருமானத்துக்கு எழுதி வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட ஊட்டி கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்துக்கு போகணும். ஒண்ணு மட்டும், சாதா காய்ச்சலுக்கு ரெண்டு நாள் படுத்ததுக்கெல்லாம் எதிர்பாக்காதீங்க, பட்டியல்ல இருக்கற சிகிச்சைக்கு, பட்டியல்ல இருக்கற ஆஸ்பத்திரில தான். ஆளை அட்மிட் பண்ணிட்டு அப்புறம் கார்டுக்கு ஓடி வர்றவங்கள நெறைய பாத்துட்டேன், உடம்பு நல்லா இருக்கும்போதே வாங்கி வைங்க. ஊட்டி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியும் 2025 ஏப்ரல்ல 700 பெட்டோட புது கட்டடத்துல திறந்தாச்சு, முன்ன மாதிரி எல்லாத்துக்கும் கீழ இறங்க வேண்டியதில்ல.

எங்க வீட்டுக்கு கடை வருமானமும் இலை காசும் சேந்தா அந்த வரம்பு தாண்டிடும். கொறச்சு எழுதி வாங்கிக்கலாம்னு சொன்ன ஆளுங்க உண்டு, எனக்கு மனசு வரல. அதனால காசு கட்டற பாலிசி மூணுல ஒண்ண எடுத்தாகணும்: பேங்க்ல தர்ற குரூப் பாலிசி, இல்ல மொத்த குடும்பத்தையும் சேத்து ஒரு பெரிய ஃப்ளோட்டர் (ஒரே கவர் தொகைய எல்லாரும் பகிர்ந்துக்கறது), இல்ல அப்பா அம்மாவுக்குன்னு தனியா ஆரோக்ய சஞ்சீவனி (எல்லா கம்பெனியும் ஒரே ஷரத்துல தர்ற பாலிசி).

பேங்க் பாலிசி தான் முதல்ல எடுத்தது, 2020 ஜனவரில. அம்மா அக்கவுண்ட் வச்சிருந்த பேங்க்ல (பேரு வேண்டாம்) கையெழுத்து போட்ட அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சேத்து ஏழாயிரம் சொச்சம், 5 லட்சம் கவர், அந்த விலைக்கு வெளிய கிடைக்கவே கிடைக்காது, அதை இப்பவும் ஒத்துக்கறேன். வருஷா வருஷம் அக்கவுண்ட்லேருந்து தானா எடுத்துக்குவாங்க. மூணு வருஷம் எடுத்தாங்க. 2023 ஜனவரில எடுக்க முடியல.

ஏன்னு சொல்றேன், மலைல இருக்கறவங்களுக்கு சொன்னா உடனே புரியும். ஜனவரில உறைபனி, இலை கருகி போச்சு. அது போக அந்த வருஷம் பாதி காடு கவாத்து (தேயிலை செடிய வெட்டி விடறது) பண்ணிருந்தோம், கவாத்து பண்ண இடத்துல மூணு மாசத்துக்கு மேல கொழுந்து பாக்க முடியாது. இருந்த கொஞ்ச இலைக்கும் ஃபேக்டரில பட்டுவாடா தள்ளி போச்சு. அக்கவுண்ட்ல இருந்தது நாலாயிரத்து சொச்சம். தவணை பிடிக்க வந்தது, பணம் இல்லாம திரும்பி போயிருக்கு, அம்மா போனுக்கு ஒரு எஸ்எம்எஸ், அதுவும் இங்கிலீஷ்ல. அம்மாவோட பட்டன் போன்ல இன்பாக்ஸ் நிறைஞ்சு கிடக்கும், யார் பாக்கறது. மார்ச் மாசம் பாஸ்புக் என்ட்ரி போட போனப்ப தான் எனக்கே தெரியும். ரினியூவலுக்கு குடுக்கற 30 நாள் அவகாசம் எப்பவோ முடிஞ்சாச்சு. கவுண்டர்ல இருந்த பொண்ணு "பரவால்ல சார், புதுசா போட்டுக்கலாம், அதே பிரீமியம் தான்"னாங்க. சரின்னு போட்டுட்டு வந்துட்டேன்.

அந்த 'புதுசா'ங்கற வார்த்தைல தான் விஷயமே இருக்கு. நவம்பர்ல அம்மாவுக்கு ராத்திரி வயித்து வலி, ஸ்கேன்ல பித்தப்பைல கல்லு. கோயம்புத்தூர்ல சேத்து ஆபரேஷன். கேஷ்லெஸ்க்கு (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டறது) அனுப்பினா ரிஜெக்ட். பித்தப்பை கல்லு, ஹெர்னியா, கண்புரை, மூலம், கர்ப்பப்பை எடுக்கறது, இந்த மாதிரி ஒரு பட்டியலுக்கு பொதுவா ரெண்டு வருஷம் வெயிட்டிங் பீரியட், அதாவது அது வரைக்கும் காசு வராது, எங்க பாலிசிக்கு வயசு எட்டு மாசம். "மூணு வருஷம் கட்டிருக்கேனே"ன்னு கேட்டேன். அது வேற பாலிசி, இது வேற பாலிசின்னாங்க. சட்டப்படி அவங்க சொன்னது சரிதான், அதான் இன்னும் எரிச்சல். 92,000 ரூபாய் கையிலேருந்து போச்சு, அதுல நாப்பதாயிரம் வீட்டுக்காரியோட வளையல அடகு வச்சது.

அதுக்கப்புறம் தான் ஒழுங்கா உக்காந்து படிச்சேன். பாலிசிக்குள்ள மூணு கடிகாரம் ஓடுது. ஒண்ணு நான் சொன்ன ரெண்டு வருஷ பட்டியல். ரெண்டாவது, சுகர், பிரஷர் மாதிரி ஏற்கனவே இருக்கற வியாதிக்கு, 2024 ஏப்ரல்லேருந்து இது அதிகபட்சம் 3 வருஷம் தான் இருக்கலாம்னு ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற அரசு அமைப்பு) கொறச்சிருக்காங்க, முன்ன 4 வருஷம். மூணாவது, 5 வருஷம் விடாம கட்டிட்டா, நீ அன்னைக்கு அதை சொல்லல இதை சொல்லலன்னு காரணம் காட்டி கிளெய்ம மறுக்க முடியாது, மோசடின்னு நிரூபிச்சா தான் உண்டு. இந்த மூணு கடிகாரமும் விட்டுப்போனா பூஜ்யத்துக்கு வந்துடும். அப்ப பிரீமியம் ஆயிரம் ரூபாய் கூட கொறையங்கறது பெரிய விஷயமே இல்ல, பத்து வருஷம் நடுவுல விடாம என்னால கட்ட முடியுமாங்கறது தான் கேள்வி. மாச சம்பளக்காரனுக்கு இது தோணவே தோணாது. பச்சை இலை கிலோ பதினஞ்சு ரூபாய்க்கும் கீழ போன மாசங்கள பாத்த வீட்டுக்கு இதுதான் முதல் கேள்வி.

பேங்க் பாலிசில இன்னொரு தொந்தரவும் இருக்கு. ஒப்பந்தம் பேங்குக்கும் கம்பெனிக்கும் நடுவுல, நாம அதுல ஒரு பேரு மட்டும் தான். அவங்க கம்பெனிய மாத்தினாலோ, திட்டத்தையே நிறுத்தினாலோ நமக்கு ஒரு மெசேஜ் வரும். அதே கம்பெனியோட தனி பாலிசிக்கு மாறிக்க வழி இருக்கு, கழிச்ச வெயிட்டிங்கும் கணக்குல வரும், ஆனா நாமளா தேதிக்குள்ள போய் கேக்கணும். எஸ்எம்எஸ் படிக்காத வீட்டுக்கு எப்படின்னு நீங்களே பாத்துக்கோங்க.

பெரிய ஃப்ளோட்டர சீக்கிரம் முடிச்சுக்கறேன். நான், வீட்டுக்காரி, பையன், அப்பா, அம்மா அஞ்சு பேருக்கும் 10 லட்சம்னு கேட்டதுக்கு வருஷம் 48,000 சொன்னாங்க. ரூம் வாடகைக்கு வரம்பு இல்ல, தீந்து போனா தொகை திரும்ப நிரம்பும், எல்லாம் பிரமாதம். ஆனா ஃப்ளோட்டர்ல குடும்பத்துலயே மூத்தவங்க வயச வச்சு தான் விலை, அப்பாவுக்கு 63 ஆனதுக்கு என் அஞ்சு வயசு பையனும் சேத்து அழுவான். வயசு ஒரு படி ஏறினா பிரீமியமும் ஒரு குதி குதிக்கும். முதல் வருஷம் கட்டிடலாம். நாலாவது வருஷம், கவாத்து வருஷம்? விலை கேட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு பேரும் அரசு வேலைல இருக்கற வீட்டுக்கு இது சரியா இருக்கும், நான் குறை சொல்ல மாட்டேன்.

கடைசில 2024 மே மாசம் அப்பா, அம்மாவுக்கு ஆளுக்கு 3 லட்சம் ஆரோக்ய சஞ்சீவனி, எங்க மூணு பேருக்கு தனியா ஒரு சின்ன ஃப்ளோட்டர்னு பிரிச்சு எடுத்தேன். அப்பா, அம்மாவுக்கு சேத்து இருபதாயிரத்துக்குள்ள வந்துச்சு. ஆரோக்ய சஞ்சீவனி 2020 ஏப்ரல்ல வந்தது, எந்த கம்பெனில எடுத்தாலும் ஷரத்து எல்லாம் ஒண்ணேதான், விலை மட்டும் மாறும். எனக்கு இது பெரிய நிம்மதி, பொடி எழுத்துல எவன் என்ன ஒளிச்சு வச்சிருக்கான்னு கம்பெனி கம்பெனியா தேட வேண்டாம், விலைய மட்டும் ஒப்பிட்டா போதும்.

குறை இல்லாம இல்ல. ஒவ்வொரு கிளெய்ம்லயும் 5 சதவீதம் நம்ம கை காசு. ரூம் வாடகை, கவர் தொகைல 2 சதவீதம், அதுவும் நாளைக்கு 5,000 தான் உச்சம். அதுக்கு மேல வாடகை உள்ள ரூம் எடுத்தா வாடகை வித்தியாசம் மட்டும் நம்ம தலைல விழாது, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் சார்ஜ் எல்லாத்துலயும் அதே விகிதத்துல வெட்டுவாங்க. 8,000 ரூபாய் ரூம்னா அந்த செலவுல நூறுக்கு அறுவத்தி ரெண்டரை தான் தேறும். அதனால அட்மிஷன் கவுண்டர்லயே "ரெண்டு பேர் ரூம் போதுங்க"ன்னு வாய திறந்து சொல்லிடணும். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு உச்சம் 40,000. ஆம்புலன்ஸுக்கு 2,000, இது மலைக்காரனுக்கு பத்தாது. அம்மாவ ராத்திரி மூடுபனில மேட்டுப்பாளையம் வழியா கோயம்புத்தூர் இறக்கறதுக்கு தனியார் வண்டிக்கு 4,500 குடுத்தேன். 108 இலவசம் தான், ஆனா அது பெரும்பாலும் பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரிக்கு தான் கொண்டு போகும்.

தேதி விஷயம் தான் நான் யாருக்கும் முதல்ல சொல்றது. பாலிசி என்னைக்கு ஆரம்பிக்குதோ அதுதான் வருஷா வருஷம் ரினியூவல் தேதி. ஜனவரி, பிப்ரவரில ஆரம்பிச்சா ஒவ்வொரு வருஷமும் பனிக்காலத்துல, இலையே இல்லாதப்ப பில் வந்து நிக்கும். நான் வேணும்னே மே வரைக்கும் காத்திருந்தேன், கோடை மழை பெஞ்சு இலை கொட்டற நேரம். அரை வருஷ தவணையா போட்டதால அடுத்தது நவம்பர், அப்பவும் கையில காசு புழங்கும். மொத்தமா கட்டறத விட கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும். தவணைல கட்டறதுல ஒரு நல்லதும் இருக்கு: அவகாச நாள்லயும் கவர் ஓடிட்டே இருக்கும், அரை வருஷ தவணைன்னா 30 நாள், மாச தவணைன்னா 15 நாள். வருஷத்துக்கு ஒரு தடவை கட்டறவங்க அவகாசத்துக்குள்ள கட்டினா கடிகாரம் நிக்காது, ஆனா கட்டாம இருந்த அந்த நாள்கள்ல ஆஸ்பத்திரி போனா காசு வராது. கெட்டதும் இருக்கு, நடுவுல கிளெய்ம் வந்தா மிச்ச தவணைய அதுலயே பிடிச்சுக்குவாங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டிய எடுத்துட்டாங்க, நவம்பர் தவணைல அது நல்லாவே தெரிஞ்சுது.

ஃபாரம் நிரப்பும்போது நடந்தது ஒண்ணு சொல்லணும். அப்பா சுகர் மாத்திரைய ஒரு பழைய பிஸ்கட் டின்ல வச்சிருப்பார், பாதி அட்டை, முழு அட்டை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு. நான் டின்ன திறந்து மேசைல கொட்டி ஒவ்வொண்ணா பேரு எழுதிட்டு இருக்கேன், கூட உக்காந்திருந்த ஏஜெண்ட் "தம்பி, சுகர்னு போடாதீங்க, காசு ஏறும், மூணு வருஷம் வெயிட்டிங் வேற"ன்னார். அப்பா அவர ஒரு பார்வை பாத்துட்டு "அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்தா சுகர் இல்லன்னு வருமா?"ன்னு கேட்டார். அதோட பேச்சு முடிஞ்சுது. எழுதியே குடுத்தோம். 2027 மே வரைக்கும் சுகரால வர்ற எதுக்கும் காசு வராது, தெரிஞ்சே தான் இருக்கோம்.

கிளெய்ம் அனுபவம் இந்த பாலிசில ஒரே ஒரு தடவை தான். போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு சளி, காய்ச்சல், மேட்டுப்பாளையத்துல நாலு நாள். கேஷ்லெஸ் கிடைச்சுது, அஞ்சு சதவீதமும் கையுறை, பஞ்சு மாதிரி சில்லறைக்கும் கட்டினோம். டிஸ்சார்ஜ் அன்னைக்கு கம்பெனி மூணு மணி நேரத்துல பில்ல முடிக்கணும்னு 2024லேயே விதி வந்தாச்சு, எங்களுக்கு சாயந்திரம் ஆயிடுச்சு, கடைசி கோத்தகிரி பஸ்ஸ ஓடிப் போய் பிடிச்சோம். ஒரு கிளெய்ம வச்சு பெரிய ஆபரேஷனுக்கும் இப்படித்தான் நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன். எடுக்கறதுக்கு முன்னாடி கம்பெனியோட ஆஸ்பத்திரி பட்டியல்ல கோத்தகிரிய தேடாதீங்க, மேட்டுப்பாளையமும் கோயம்புத்தூரும் பாருங்க. கூடலூர் பக்கம் இருக்கறவங்க சுல்தான் பத்தேரி, கோழிக்கோடும் சேத்து பாக்கணும், ராத்திரி அவசரத்துக்கு நீங்க ஓடறது அங்கதானே.

இப்ப பேங்க் பாலிசிலேயே இருக்கறவங்க பயந்து நிறுத்திடாதீங்க, நிறுத்தறது தான் பெரிய தப்பு. மாறணும்னா ரினியூவல் தேதிக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே கேளுங்க, கழிச்ச வருஷங்கள கூடவே எடுத்துட்டு போகலாம். எஸ்எம்எஸ் வர்ற நம்பர உங்களோடதா மாத்துங்க. எங்க கடைல மேசைக்கு மேல தினசரி காலண்டர்ல மே 6, நவம்பர் 6 ரெண்டு தாளையும் சிவப்பு பேனாவுல குறிச்சு மடிச்சு வச்சிருக்கேன்.

போன மே மாசம் ரெண்டாவது வருஷம் கட்டும்போது அம்மா கேட்டாங்க, "நான் ஒரு ஊசி கூட போட்டுக்கலையே, ஏதாவது திரும்ப தருவானா?" காசா வராதும்மா, கிளெய்ம் பண்ணாத வருஷத்துக்கு 5 சதவீதம் கவர் ஏறும், உனக்கு இப்ப 3,15,000னு காட்டினேன். கண்ணாடிய போட்டுட்டு அந்த பேப்பர பாத்தாங்க. "அந்த பதினஞ்சாயிரத்துக்கு வளையல மீட்டுட்டு வாடா"ன்னு சொல்லிட்டு கூடைய எடுத்துட்டு காட்டுக்கு போயிட்டாங்க.