ரேம் சலுகை: இலவச இரட்டிப்பா, கட்டண மேம்பாடா, காலி ஸ்லாட்டா?

மடிக்கணினி விற்பவர்கள் ரேமை, அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகத்தை, காட்டி வாங்குபவரை இழுக்கும் சலுகைகள் பல பெயர்களில் வந்தாலும், உரித்துப் பார்த்தால் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன. முதலாவது, அதே விலைக்கு இரு மடங்கு ரேம் என்னும் இலவச மேம்பாடு. இரண்டாவது, ஆர்டர் செய்யும்போதே கூடுதல் பணம் கட்டித் தொழிற்சாலையிலேயே ஏற்றி வாங்குவது. மூன்றாவது, குறைந்த ரேமுடன் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பிறகு சந்தையில் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்று, ரேமைச் செருகும் இடமான ஸ்லாட் ஒன்று காலியாக இருப்பதைக் காட்டுவது. இவற்றை எடைபோடும் பலர், ஒரு ஜிபிக்கு எவ்வளவு விழுகிறது என்ற வகுத்தல் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கணக்கு இரண்டாவதாகத்தான் வர வேண்டும் என்பது என் கருத்து. இன்று எடுக்கும் முடிவை மூன்றாண்டுகள் கழித்து மாற்ற முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான விடையைப் பொறுத்து ஒரே சலுகை நல்லதாகவோ வீணாகவோ மாறிவிடும்.

மாற்றவே முடியாத இயந்திரங்களிலிருந்து தொடங்கலாம். ஆப்பிளின் மேக்புக்குகளில் ரேமைத் தனியே கழற்றும் வழி கிடையாது. 2012ஆம் ஆண்டின் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. 2020இல் எம்1 சிப் வந்தபோது அது செயலிச் சிப்பைச் சுமக்கும் பொதிக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. இத்தகைய இயந்திரத்தில் மேம்பாட்டுக்கு அந்த நிறுவனம் சொல்வதே விலை. 8 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்கு ஏறப் பல ஆண்டுகளாக அமெரிக்காவில் 200 டாலர், இந்தியாவில் 20,000 ரூபாய். அதே காலத்தில் கழற்றி மாட்டக்கூடிய 8 ஜிபி ரேம் அட்டை (ஸ்டிக்) ஒன்று சில்லறைக் கடையில் அதன் சிறு பகுதி விலைக்குக் கிடைத்தது. இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பது உண்மைதான். பொதிக்குள் இருக்கும் நினைவகம் குறைந்த மின்சாரத்தில் அதிக வேகம் தருகிறது. ஆயினும் அந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் மட்டும் இத்தனை இடைவெளி வந்துவிடாது.

இதற்கு ஆப்பிளே பின்னாளில் சாட்சி சொன்னது. 2023 அக்டோபரில் 1,599 டாலர் மேக்புக் ப்ரோவை 8 ஜிபியுடன் அறிமுகப்படுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. தங்கள் 8 ஜிபி மற்றவர்களின் 16 ஜிபிக்கு ஏறக்குறைய இணையானது என்று அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் துணைத்தலைவர் பாப் போர்ச்சர்ஸ் ஒரு பேட்டியில் வாதிட்டார். சரியாக ஓராண்டு கழித்து, 2024 அக்டோபர் இறுதியில், மேக்புக் ஏர் உட்பட மேக் வரிசை முழுவதும் 16 ஜிபியிலிருந்து தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. எம்2, எம்3 ஏர்களின் விலையும் உயரவில்லை. முந்தைய வாரம் வரை 200 டாலர் வாங்கிய அதே 8 ஜிபி, மறு வாரம் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அறிவிப்புக்குச் சற்று முன் பணம் கட்டியவர்களின் எரிச்சல் ஒருபுறமிருக்க, அந்த 200 டாலரில் பொருளின் அடக்கவிலை எவ்வளவு, வேறு வழியில்லாதவரிடம் வாங்கும் கூடுதல் எவ்வளவு என்பதை இது ஓரளவு புரியவைத்தது.

ஆப்பிளின் இன்னொரு கண்ணி பலர் கண்ணில் படாதது. மேக்புக் ப்ரோவில் வந்த எம்4 மேக்ஸ் சிப்பின் 14 கோர் (கணக்கிடும் அலகு) வகையில் 36 ஜிபிதான் கிடைக்கும். 48 ஜிபி வேண்டுமென்றால் 16 கோர் வகைக்கு ஏறியாக வேண்டும். ரேமுக்கு மட்டும் பணம் கட்ட வந்தவர், தனக்குத் தேவையில்லாத கோர்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். விலைப்பட்டியலில் ரேமுக்கு எதிரே எழுதியிருக்கும் தொகையை இந்தச் சங்கிலியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

விண்டோஸ் பக்கமும் இதே நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த இன்டெல்லின் லூனார் லேக் செயலிகளில் ரேம் பொதிக்குள்ளேயே வருகிறது; 16 அல்லது 32 ஜிபி, வேறு தேர்வு இல்லை. கோர் அல்ட்ரா 7 256வி என்றால் 16 ஜிபி, 258வி என்றால் 32 ஜிபி. மற்றபடி இரண்டும் ஒரே சிப். ஆகவே இந்த வரிசையில் இலவச ரேம் மேம்பாடு என்று யாராவது சொன்னால், பெட்டியின் மேல் இருக்கும் செயலி எண் எட்டில் முடிகிறதா என்று பார்த்தால் போதும். ஆறில் முடிகிறது என்றால், கடைக்காரர் ஏற்றித் தருவதாகச் சொல்லும் கூடுதல் ரேமை ஏற்ற அங்கே இடமே இல்லை.

இத்தகைய மூடிய இயந்திரங்களில் என் தீர்ப்பு, விருப்பமில்லாவிட்டாலும், இரண்டாவது வகைக்கே சாய்கிறது: வாங்கும் நாளிலேயே, நான்காவது ஆண்டின் தேவையை உத்தேசித்து, கூடுதல் பணம் கட்டி எடுத்துவிடுவது மேல். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. பண்டிகைக் காலத் தள்ளுபடிகளும் வங்கி அட்டைச் சலுகைகளும் பெரும்பாலும் கடையில் தயாராக அடுக்கியிருக்கும் நிலையான அமைப்புகளுக்கே கிடைக்கின்றன; நாம் கேட்டபடி அமைத்து வரவழைக்கும் இயந்திரம் பெரும்பாலும் முழு விலைக்கே வரும். எனவே, எடுத்துக்காட்டாக, 24 ஜிபிக்கான உண்மையான கூடுதல் செலவு, பட்டியலில் உள்ள தொகையும் கைவிட்ட தள்ளுபடியும் சேர்ந்ததாகும். சில வேளைகளில், ஒரு படி மேலான தயார் மாடல் தள்ளுபடியோடு அதைவிட மலிவாக வந்துவிடும்.

இனி இலவச இரட்டிப்பு. ஸ்லாட் உள்ள மடிக்கணினிகளில்தான் இந்தச் சலுகை அதிகம் வருகிறது, ஏமாற்றமும் இங்கேதான் நுணுக்கமாக ஒளிந்திருக்கிறது. 8 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி என்கிறார்கள். அந்த 16 எப்படி வருகிறது என்று சொல்வதில்லை. இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாக வந்தால் செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே இரண்டு பாதைகள் திறக்கின்றன. ஒற்றை 16 ஜிபி ஸ்டிக்காக வந்தால் ஒரு பாதைதான். டிடிஆர்5-5600 என்ற வகை ரேமில் ஒற்றைப் பாதை நொடிக்கு 44.8 ஜிகாபைட் கடத்தும். இரட்டைப் பாதை 89.6. ஆவணம் தட்டச்சுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் விளையாடுபவருக்கும் காணொளி தொகுப்பவருக்கும் நன்றாகவே தெரியும், ஏனெனில் செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி இதே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது.

இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலிகளில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. இரட்டைப் பாதை நினைவகம் இருந்தால் கிராபிக்ஸ் தன்னை ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டிக்கொள்ளும். ஒற்றை ஸ்டிக்கில் ஓடினால் அதே சிப், வேகம் குறைந்த வகையின் பெயரான யுஎச்டி கிராபிக்ஸ் என்று பெயர் மாறி நிற்கும். பின்னர் வந்த கோர் அல்ட்ரா எச் வரிசையில் கிராபிக்ஸுக்கு ஆர்க் என்ற பெயர் வேண்டுமென்றாலும் இரட்டைப் பாதையும் குறைந்தது 16 ஜிபியும் தேவை. ஐரிஸ் எக்ஸ்இ என்று எழுதிய விளம்பரமும் ஒற்றை ஸ்டிக் என்ற உள்ளடக்கமும் ஒரே பெட்டியில் வந்தால், வாங்கியவர் விளம்பரத்தில் பார்த்ததைப் பெறவில்லை என்பதே பொருள்.

அதற்காக இரட்டை ஸ்டிக்குதான் எப்போதும் நல்லது என்று முடிவுகட்டவும் கூடாது. இரண்டே ஸ்லாட் உள்ள இயந்திரத்தில் இரண்டு 4 ஜிபி ஸ்டிக்குகளைப் போட்டு இலவசமாக 8 ஜிபி ஆக்கித் தந்தால், அடுத்த மேம்பாட்டுக்குக் குறைந்தது ஒன்றையாவது கழற்றி ஒதுக்க வேண்டும். இது புதிய தந்திரமும் அல்ல. பென்டியம் 4 அறிமுகமான 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த ரேம்பஸ் நினைவகத்தை ஜோடியாகத்தான் போட முடியும். காலி ஸ்லாட்டைக்கூட வெறுமனே விடாமல் ஒரு போலி அட்டையால் நிரப்ப வேண்டும். அத்தகைய கணினியில் நான்கு ஸ்லாட்டையும் சிறு அட்டைகளால் நிரப்பி விற்றுவிட்டால், ரேமைக் கூட்ட விரும்பியவர் முதலில் ஒரு ஜோடியைக் கழற்றி எறிய வேண்டியிருந்தது.

எண்ணிக்கையை மட்டும் பெரிதாகக் காட்டும் வேறு சில பழைய உத்திகளும் உண்டு. 32 பிட் விண்டோஸ் புழக்கத்தில் இருந்தபோது 4 ஜிபி இலவச மேம்பாடு தாராளமாகக் கிடைத்தது. அந்த இயங்குதளம் அதில் ஏறத்தாழ 3 முதல் 3.5 ஜிபி வரைதான் பயன்படுத்தும். 2018 வாக்கில் 4 ஜிபி ரேமையும் 16 ஜிபி ஆப்டேனையும் கூட்டி 20 ஜிபி நினைவகம் என்று எழுதிய விளம்பரங்கள் வந்தன. ஆப்டேன் என்பது மெதுவான வன்தட்டுக்கு வேகம் கூட்டும் இடைச் சேமிப்பு, ரேம் அல்ல. இன்று திறன்பேசிகளில், சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியதையும் சேர்த்து, 8 ஜிபி கூட்டல் 8 ஜிபி என்று அச்சிடுவது அதே கூட்டல் கணக்கின் அடுத்த தலைமுறைதான்.

மூடியதுமல்லாத திறந்ததுமல்லாத இடைப்பட்ட மடிக்கணினிகள்தான் மூன்றிலும் குழப்பமானவை. இவற்றில் 8 ஜிபி பற்றவைக்கப்பட்டிருக்கும். கூடவே ஒரு ஸ்லாட் இருக்கும். லெனோவோவின் திங்க்பேட் டி14 வரிசையில் முந்தைய இன்டெல் மாடல்கள் பல இப்படித்தான் வந்தன. அந்த ஸ்லாட்டில் 8 ஜிபி போட்டு 16 ஆக்கித் தரும் சலுகை நேர்மையானது. இரட்டைப் பாதையும் கிடைக்கிறது. அங்கே 16 ஜிபி போட்டு 24 ஆக்கினால், சமமாக ஜோடி சேரும் 16 ஜிபி வரைதான் இரட்டைப் பாதை. மேலே உள்ள 8 ஜிபி ஒற்றைப் பாதையில் ஓடும். அதையும் குறை என்று ஒதுக்கிவிட முடியாது, ரேம் பற்றாமல் திணறுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பற்றவைத்த 8 ஜிபி என்றைக்காவது பழுதானால், ஸ்லாட்டில் எவ்வளவு இருந்தாலும் மதர்போர்டையே மாற்ற வேண்டிவரும். 2024இல் பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட்டுடன் சேர்ந்து வடிவமைத்த டி14 ஐந்தாம் தலைமுறையில் லெனோவோ இரண்டு ஸ்லாட்டுகளுக்கு மாறியது. டி14 போன்ற அலுவலக மாடல்களில் காலி ஸ்லாட்டை நம்பி வாங்கலாம் என்று நான் சொல்லத் துணிவது இத்தகைய வடிவமைப்புகளை வைத்துத்தான்.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரத்திலேயே இதைச் சோதித்துவிடலாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால், வலது கீழே ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரி தெரியும். இரண்டில் ஒன்று என்று இருந்தால் பெரும்பாலும் ஒன்று காலி. அதற்குக் கீழே ஃபார்ம் ஃபாக்டர் என்ற வரியில் எஸ்ஓடிஐஎம்எம் என்று இருந்தால் கழற்றக்கூடிய ஸ்டிக். ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் பற்றவைத்தது. விற்பனையாளரின் வாய்மொழியைவிட இந்த இரண்டு வரிகள் நம்பகமானவை. ஆர்டர் கொடுப்பதற்கு முன் லெனோவோ என்றால் அதன் விவரக்குறிப்புத் தளமான பிஎஸ்ரெஃப்பையும், மற்றவை என்றால் அந்த மாடலின் பராமரிப்புக் கையேட்டையும் பார்ப்பது நல்லது. ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையும் அதிகபட்ச அளவும் அங்கே எழுத்தில் இருக்கும்.

மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற அச்சுறுத்தலையும் இங்கேயே தொட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, இத்தகைய நிபந்தனைகள் பொதுவாகச் சட்டவிரோதம் என்று நினைவூட்டியது. மற்ற நாடுகளில் சட்டம் வேறுபடும். ஆனால் ரேமைப் பயனரே மாற்றலாம் என்று நிறுவனத்தின் கையேடே படம் போட்டு விளக்கும்போது, திருகைக் கழற்றியதற்காக உத்தரவாதத்தை மறுப்பது எளிதல்ல. மூல ஸ்டிக்கைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, பழுதுபார்க்கக் கொடுக்கும்போது அதையே திரும்பப் போட்டுக் கொடுப்பது வாதத்தைக் குறைக்கும்.

திறந்த வடிவமைப்பின் எல்லைக்கு, பயனரே கழற்றி மாற்றக்கூடிய மடிக்கணினிகளை விற்கும் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் 13 அங்குல மடிக்கணினியை ரேமே இல்லாமலும் வாங்கலாம். அதே நிறுவனம் 2025இல் வெளியிட்ட மேசைக் கணினியில் ரேம் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஏஎம்டியின் அந்தச் செயலிக்குத் தேவையான வேகத்தில் கழற்றும் அட்டைகள் வழியாகச் சமிக்ஞை நிலையாக வரவில்லை என்று காரணம் சொன்னார்கள். கவனிக்க வேண்டியது விலை: அறிமுகத்தின்போது 64 ஜிபி மாடல் 1,599 டாலர், 128 ஜிபி மாடல் 1,999 டாலர், செயலி ஒன்றே. அதாவது கூடுதல் 64 ஜிபிக்கு 400 டாலர். எம்4 மேக்ஸ் மேக்புக் ப்ரோவில் அதே 64 ஜிபி ஏற்றத்துக்கு 800 டாலராக இருந்தது. ஆப்பிளின் நினைவக வேகம் ஏறத்தாழ இரு மடங்கு என்பதைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் பற்றவைத்த ரேமுக்கு நியாயமான விலை வைக்க முடியும் என்பதை இது காட்டிவிட்டது. பற்றவைக்காமலே குறைமின்சார நினைவகத்தைத் திருகால் இணைக்கும் எல்பிகேம்2 அட்டை, 2024இல் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் வந்தது. பரவலானால் இந்த ஒப்பீட்டில் பாதி தேவைப்படாமல் போகும்.

இத்தனைக்கும் பிறகு, ஸ்லாட் உள்ள இயந்திரத்தைக் குறைந்த ரேமோடு வாங்கி வெளியில் ஏற்றுவதே லாபம் என்ற நீண்டநாள் விதியை 2025இன் கடைசி மாதங்கள் குலைத்துப்போட்டன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவக உற்பத்தியை அள்ளிக்கொண்டதில், டிடிஆர்5 ஸ்டிக்குகளின் சில்லறை விலை சில மாதங்களுக்குள் இரண்டு மூன்று மடங்காக ஏறியது. 1996 முதல் க்ரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வணிகத்திலிருந்தே விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட சந்தையில், பழைய சரக்கில் பழைய விலைக்குக் கிடைக்கும் தொழிற்சாலை மேம்பாடு, கடை ஸ்டிக்கைவிட மலிவாக வரக்கூடும். அப்போது 16 ஜிபி மேம்பாட்டை ஏற்றுக்கொள்ளலாம், ஒற்றை ஸ்டிக்காக வந்தாலும்கூட. இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்குமானால், விலை இறங்கும் நாளில் அதே அளவு ஸ்டிக் ஒன்றைச் சேர்த்து இரண்டாவது பாதையையும் திறந்துகொள்ள முடியும்.