வாடகை வேன் எடுக்கும்போது கூரையைப் பாருங்கள்: ஆஸ்திரேலியப் பயணத்தில் நாங்கள் இழந்த பணம்

ஆஸ்திரேலியாவில் குடும்பத்தோடு ஊர் சுற்றப் பெரிய வேன் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடந்த டிசம்பர் விடுமுறையில் என் கிரெடிட் கார்டிலிருந்து 6,000 டாலரை ஒரு வாடகை வண்டி நிறுவனம் எடுத்துக்கொண்டது. அது போதாதென்று இன்னும் 1,840 டாலர் கட்டச் சொல்லி மின்னஞ்சலும் வந்தது. வேனின் கூரையை நாங்கள் எங்கேயோ இடித்துவிட்டோமாம். அந்த அடி, வண்டி எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அங்கே இருந்தது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. விவகாரம் இன்னும் முழுதாக முடியவில்லை. பெயரைவிட அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் முக்கியம். வேறு நிறுவனங்களிலும் இதே மாதிரி நடந்ததாக மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் இருப்பது மெல்போர்னுக்கு மேற்கே டார்னீட்டில். கும்பகோணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். சிட்னியிலிருந்து நண்பர் குடும்பம் நான்கு பேர். நாங்கள் நான்கு பேர், படிக்க வந்திருக்கும் என் மச்சினன் ஒருவன். மொத்தம் 11 பேர். இரண்டு கார் எடுத்தால் அம்மாவும் நண்பரின் மனைவியும் பேசிக்கொண்டு வர முடியாது, பிள்ளைகள் வேறு சண்டை போடுவார்கள். ஒரே வண்டியில் போவோம் என்று முடிவு செய்தோம். விக்டோரியாவில் சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே ஓட்டுநரோடு சேர்த்து 12 பேர் உட்காரும் வேன்வரை ஓட்டலாம். கிரேட் ஓஷன் ரோடு வழியாக வார்னம்பூல், அங்கிருந்து மாநில எல்லை தாண்டி மவுண்ட் கேம்பியர், திரும்பும்போது கிராம்பியன்ஸ், பல்லாரட். ஆறு நாள்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிறுவனம். மற்ற இடங்களைவிட நாளுக்கு 60 டாலர் குறைவு. காலை 9 மணிக்கு வண்டி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நானும் நண்பரும் அப்பாவும் போனோம்.

பிரச்சினை குழந்தை இருக்கையில் ஆரம்பித்தது. இங்கே 7 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளை ஆஸ்திரேலியத் தரச் சான்று உள்ள இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும், ஊரிலிருந்து கொண்டுவந்த இருக்கை செல்லாது. எங்களுக்கு இரண்டு வேண்டும், இரண்டுக்கும் பணம் கட்டியிருந்தோம். இருந்தது ஒன்று. அதிலும் ஒரு வார் அறுந்திருந்தது. “இதோ வருகிறது, இதோ வருகிறது” என்று இன்னொரு கிளையிலிருந்து வரவழைக்கும்போது மணி 10:40. வீட்டில் எட்டுப் பேர் மூட்டை முடிச்சோடு வாசலில் நிற்கிறார்கள். அன்று இரவு அப்பல்லோ பேயில் அறை. அவசரம் தலைக்கேறிவிட்டது.

அந்த நேரத்தில்தான் கவுண்டரில் இருந்தவர் டேப்லெட்டை நீட்டினார். “இங்கே, இங்கே, இங்கே” என்று விரலால் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தம் மின்னஞ்சலில் வரும் என்றார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, பின் பம்பரில் இருந்த இரண்டு கீறலைக் குறித்துக்கொண்டார். அப்பா குனிந்து டயரைப் பார்த்தார், அடியில் எட்டிப் பார்க்கப் போனார். “நேரமாச்சுப்பா, ஏறுங்க” என்று கூப்பிட்டது நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

பயணத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிரேட் ஓஷன் ரோடு முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கையால் வெட்டிப் போட்ட சாலை என்று சொன்னபோது அப்பா ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். அதே வழியில் கடலோரமாக இருக்கும் லாக் ஆர்ட் கோர்ஜில் 1878இல் கப்பல் உடைந்து 54 பேரில் இரண்டே பேர் பிழைத்த கதையைக் கேட்டு அம்மா அழுதுவிட்டாள். சவுத் ஆஸ்திரேலியாவுக்குள் பழம் கொண்டுபோகக் கூடாது என்பதால், அவள் ஆசையாக வாங்கி வைத்திருந்த ஆரஞ்சுப் பழங்களை எல்லைக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து உரித்துத் தின்று தீர்த்தோம். மவுண்ட் கேம்பியர் ஏரி நீலம் பூசியது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பினோம். நண்பருக்கு எட்டரைக்கு விமானம். வாடகை அலுவலகம் ஐந்து மணிக்கே மூடிவிடும். “வளாகத்தில் நிறுத்திவிட்டுச் சாவியைப் பெட்டியில் போட்டுவிடுங்கள், ஒரு பிரச்சினையும் இல்லை” என்று போனில் சொன்னார்கள். அப்படியே செய்தோம். டேங்க் நிரப்பிய ரசீதைப் படம் எடுத்தேன், கிலோமீட்டர் முள்ளைப் படம் எடுத்தேன். வண்டியைச் சுற்றி எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல். கூரையின் முன்பக்கம் நீளமாக ஒரு பள்ளம், கீறல். சரிசெய்ய 7,840 டாலர். பிணையாகக் கார்டில் பிடித்து வைத்திருந்த 6,000 அப்படியே போய்விட்டது, மீதியைப் 14 நாளில் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. நாளுக்கு 45 டாலர் வீதம் வண்டிச் சேதத்துக்கான கூடுதல் காப்பு எடுத்திருந்தேன். சேதம் ஆனால் நம் கையிலிருந்து போகும் தொகையை இங்கே எக்ஸஸ் என்பார்கள். அந்தக் காப்பு எடுத்ததால் எக்ஸஸ் 6,000 டாலரிலிருந்து 500 டாலருக்குக் குறைந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். 11ஆம் பக்கத்தில் இருந்தது: கூரைக்கு மேலும் வண்டிக்கு அடியிலும் ஆகும் சேதத்துக்கு எந்தக் காப்பும் பொருந்தாது, முழுச் செலவும் வாடகைக்கு எடுத்தவருடையது. 6,000 என்ற வரம்புகூட அதற்குக் கிடையாது.

இந்த நிபந்தனை அந்த ஒரு நிறுவனத்தில் மட்டும் இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் கூரையும் அடிப்பாகமும் காப்புக்கு வெளியேதான் இருக்கும். பலவற்றில் மண் சாலையும் அப்படியே. பெரிய நிறுவனங்கள்கூட அப்படித்தான் எழுதுகின்றன. ஷாப்பிங் மால் பார்க்கிங்கில் கூரையை இடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், அதனால் நிபந்தனைக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வண்டி எடுக்கும்போது நம் கண் போகாத இடம் இரண்டே இரண்டு, மேலும் கீழும். எங்கள் வேன் ஏறக்குறைய 2.3 மீட்டர் உயரம், தரையில் நின்று யாராலும் கூரையைப் பார்க்க முடியாது. பழைய அடி ஒன்று அங்கே இருந்தால், எடுத்துக்கொண்டு போகிற ஒவ்வொருவர் தலையிலும் அதைக் கட்டலாம். அதுவும் விமானம் ஏறி ஊர் போய்விடுகிற ஆள் என்றால் எதிர்த்துக் கேட்கவும் மாட்டார்.

அவர்கள் அனுப்பிய படத்தை அப்பாவிடம் காட்டினேன். கும்பகோணத்தில் அரசுப் பேருந்துப் பணிமனையில் 30 வருடம் வேலை பார்த்தவர் அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது பழைய அடிடா. பெயிண்ட் ஓரத்துல துரு உள்ள ஓடியிருக்கு பாரு. ஆறு நாள்ல இப்படித் துரு ஏறாது” என்றார். அவ்வளவுதான், எனக்கு உயிர் வந்தது.

அதை எழுதி அனுப்பினேன். உயரம் குறைந்த பார்க்கிங்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. போனில் இருந்த பயண வரைபடத்தை எடுத்து, ஆறு நாளும் நிறுத்திய இடமெல்லாம் திறந்த வெளிதான் என்று காட்டினேன். உடனே கதை மாறியது. ஆட்வே காட்டுச் சாலையில் மரக்கிளை பட்டிருக்கும் என்றார்கள். அந்தச் சாலையில் எங்கள் வேனைவிட உயரமான சுற்றுலாப் பேருந்துகள் தினமும் போகின்றன. இரண்டு கடிதத்தில் இரண்டு காரணம் சொன்னபோதே, அவர்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

வங்கியில் முறையிட்டேன். வாடகை நிறுவனத்தார் நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை வங்கிக்கு அனுப்பினார்கள். கையெழுத்து இருக்கிறது என்று வங்கி கையை விரித்துவிட்டது. அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. “எங்களக் கூட்டிட்டுப் போகத்தானே இவ்வளவு செலவு” என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது பணம் போனதைவிடக் கஷ்டமாக இருந்தது.

காப்பாற்றியது என் பதினொரு வயது மகன். வேனை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும், நாங்கள் பெட்டிகளை ஏற்றுவதை அவன் மாடி ஜன்னலிலிருந்து வீடியோ எடுத்திருக்கிறான். ஊரில் இருக்கும் இன்னொரு பாட்டிக்கு அனுப்ப எடுத்ததாம். அதில் கூரை முழுக்கத் தெரிகிறது, அந்தப் பள்ளமும் தெரிகிறது. வண்டி என் கைக்கு வந்த நேரம் 10:50 என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வீடியோவின் நேரம் 11:45. இடையில் ரிங் ரோட்டில் நேராக வீட்டுக்கு வந்ததைத் தவிர வேறெங்கும் போகவில்லை என்பதைப் பயண வரைபடம் சொல்கிறது.

எங்கள் மாநில நுகர்வோர் அலுவலகமான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவில் புகார் பதிந்து வீடியோவையும் சேர்த்தேன். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையமான ஏசிசிசி தனிப்பட்ட வழக்குகளைத் தீர்த்துவைக்காது. மாநில அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், நியூ சவுத் வேல்ஸ் என்றால் ஃபேர் டிரேடிங். நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதினேன். 2011இலிருந்து நடப்பில் இருக்கும் நுகர்வோர் சட்டம் சுற்றுலா வந்தவருக்கும் பொருந்தும். 2023 நவம்பர் முதல், பொதுமக்களோடு போடும் அச்சடித்த ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனை வைத்தாலே நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம். யார் செய்த சேதம் என்று பாராமல் வாடிக்கையாளர் மேல் போடும் நிபந்தனை அதில் மாட்டக்கூடியது. இதைச் சொல்லி, பழுது பார்த்த ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்டேன். ஒன்பது நாள் பதிலில்லை. பத்தாம் நாள், “நல்லெண்ண அடிப்படையில்” 5,650 டாலர் திருப்பித் தருகிறோம் என்றார்கள். 1,840ஐப் பற்றிப் பேச்சே இல்லை. பழுது பார்த்த ரசீது கடைசிவரை வரவில்லை, ஏனென்றால் அந்த வண்டியைப் பழுது பார்க்கவே இல்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். செல்ஃபி குச்சி ஒன்றை எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் கையை உயர்த்திப் பிடித்துக் கூரையை வீடியோ எடுங்கள். குனிந்து அடியையும் எடுங்கள், கண்ணாடியையும் நான்கு டயரையும் விடாதீர்கள். அந்த வளாகத்திலேயே நின்று எடுங்கள், கடை ஊழியர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. எடுத்த கையோடு அவர்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், அப்போது நேரத்தைப் பற்றி யாரும் வாதாட முடியாது. ஒப்பந்தத்தை முந்தின நாளே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். திருப்பிக் கொடுப்பதை அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சேதமில்லை என்று எழுதி வாங்குங்கள். சாவியைப் பெட்டியில் போடுவதைத் தவிர வழியில்லை என்றால் அங்கேயும் அதே வீடியோ. பயணக் காப்பீடு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கார் என்றால் மட்டும்தான் பணம் தருவோம், வேனுக்கு இல்லை என்று எழுதியிருக்கும் பாலிசிகள் நிறைய உண்டு. மேற்கு ஆஸ்திரேலியா, நார்தர்ன் டெரிட்டரி பக்கம் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். கங்காரு குறுக்கே வருகிற நேரமும் அதுதான்.

முக்கியமாக, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா பெயரிலோ மாமா பெயரிலோ வண்டி எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர்கள் திரும்பிப் போன பிறகு கார்டில் பணம் போனால், கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு மெல்போர்ன் கடையோடு யார் சண்டை போடுவது?

ஆய்வுக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று அவர்கள் பிடித்துக்கொண்ட 350 டாலருக்காக, விக்டோரியா மாநிலத்தின் வீகேட் தீர்ப்பாயத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இதற்காக இவ்வளவு அலைய வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். அப்பா மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் முதல் கேள்வியாக “தேதி வந்துச்சாடா?” என்கிறார். இன்னும் வரவில்லை. வந்ததும் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.