பி.கே.யு. பிள்ளைக்கு மருந்து கேட்குமா: 48 மணி நேர சோதனையா, நான்கு வாரம் கொடுத்துப் பார்ப்பதா?

ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு இப்போது ஒன்பது வயது. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்திலேயே பீனைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யு., என்று தெரிந்துவிட்டது. ஏழு வயதில் சாப்ரோப்டெரின் மாத்திரை கேட்குமா என்று இரண்டு நாள் சோதனை செய்து, கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து வேறு மையத்தில், வேறு முறையில் மறுபடி பார்த்தார்கள், கேட்டது. அதே பிள்ளை, அதே மாத்திரை, அதே அளவு. அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்தச் சோதனைகளில் எது எதைக் காட்டும், எது எங்கே ஏமாற்றும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுப் புரதத்தில் இருக்கும் பீனைல்அலனினை உடைக்கும் நொதி கல்லீரலில் சரியாக வேலை செய்யாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். அதனால் அளந்து அளந்து புரதம் கொடுத்து, மீதிக்கு அந்த அமினோ அமிலம் நீக்கிய புரதப் பானம் கொடுக்க வேண்டும், அதுவும் வாழ்நாள் முழுக்க. அந்த நொதிக்கு ஒரு துணைப்பொருள் தேவை, பெயர் டெட்ராஹைட்ரோபயோப்டெரின். இதைக் கூடுதலாகக் கொடுத்தால் சிலருக்கு அரைகுறையாக இருக்கும் நொதி நிலைபெற்று ஓரளவு வேலை செய்கிறது என்று 1999-ல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினார்கள். அதன் செயற்கை வடிவம்தான் சாப்ரோப்டெரின். அமெரிக்காவில் 2007 டிசம்பரிலும், ஐரோப்பாவில் அடுத்த வருடமும் அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் கேட்காது. 485 பேருக்கு எட்டு நாள், எடைக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில் ஐந்தில் ஒருவருக்குத்தான் ரத்தத்தில் பீனைல்அலனின் அளவு 30 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கியது. மருந்தின் அளவைக் கூட்டி, நாளைக் கூட்டி, லேசான வகை நோயாளிகளைச் சேர்த்தால் இந்த விகிதம் ஏறும். அதாவது எத்தனை பேருக்குக் கேட்கும் என்பதே எப்படிச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

மரபணு அறிக்கையில் ஆரம்பிப்போம், ஏனென்றால் இதுதான் மிகவும் சுலபம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிழைகள் இருக்கும். இரண்டுமே நொதியை அடியோடு இல்லாமல் செய்யும் வகை என்றால் மாத்திரைக்குப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை, சோதனையே வேண்டாம், பிள்ளையை வீணாகக் குத்த வேண்டியதில்லை. கிழக்கு ஐரோப்பாவில் நிறையப் பேருக்கு இருக்கும் ஆர்408டபிள்யூ இந்த ரகம். அதற்கு மாறாக ஒய்414சி போன்ற பிழை ஒரு பக்கம் இருந்தாலும் பெரும்பாலும் கேட்கும். சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். ஆர்261க்யூ என்று ஒன்று இருக்கிறது, ஒருவருக்குக் கேட்கும், இன்னொருவருக்குக் கேட்காது. நம் ஊர்க் குடும்பங்களில் வரும் பிழைகள் ஐரோப்பியத் தொகுப்புகளில் அவ்வளவாகப் பதிவாகாதவையாக இருந்தால் அறிக்கையை வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது. ஆக, யாருக்குச் சோதனை வேண்டாம் என்று சொல்ல மரபணு நல்ல கருவி. நடுவில் இருப்பவர்களுக்கு அது பாதி வழிதான் கூட்டிப்போகும்.

அடுத்தது 48 மணி நேர சோதனை. ஐரோப்பிய வழிகாட்டி 2017-ல் சொன்ன முறை இது. முதல் நாள் காலை கிலோவுக்கு 20 மில்லிகிராம், 24 மணி நேரம் கழித்து மறுபடி அதே அளவு. மருந்துக்கு முன்னால் ஒரு ரத்தம், அப்புறம் 8, 16, 24 மணி என்று 48 வரை. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் 16-வது மணி என்பது நள்ளிரவு பன்னிரண்டு. தூங்குகிற பிள்ளையின் விரலை வெதுவெதுப்பான துணியில் சுற்றிச் சூடாக்கி, குத்தி, வடிகட்டித்தாள் அட்டையில் இருக்கும் வட்டத்தை ஒரே சொட்டில் பின்பக்கம் வரை ஊறும்படி நிரப்ப வேண்டும். இரண்டு மூன்று சின்னச் சொட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அந்த வட்டம் செல்லாது. அக்கா இரண்டு இரவும் தூங்கவில்லை.

இந்தச் சோதனையின் பலம், சீக்கிரம் முடிந்துவிடும் என்பது. இரண்டே நாள் என்பதால் சாப்பாட்டை மாற்றாமல் வைத்திருப்பதும் எளிது. 30 சதவீதம் இறங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பலவீனம் அந்த 30 சதவீதத்திலேயே இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 900 மைக்ரோமோலில் இருக்கும் பிள்ளைக்கு 620-க்கு இறங்கினால் தேறிவிட்டது என்று கணக்கு. ஆனால் பன்னிரண்டு வயதுக்குள் இருக்க வேண்டிய அளவு 120-லிருந்து 360 வரைதான், 620 இன்னும் ஆபத்தான இடம். அக்கா மகனோ 280-ல் ஆரம்பித்தான், ஏனென்றால் வீட்டில் அவ்வளவு கட்டுப்பாடு. அவனுக்கு 230 வரை இறங்கியது. 18 சதவீதம், தேறவில்லை. ஏற்கெனவே கீழே இருக்கும் எண் இன்னும் எவ்வளவுதான் இறங்கும்? ஒழுங்காகப் பத்தியம் காத்த குடும்பத்துக்கே இந்தச் சோதனை பாதகமாகப் போகிறது, இதை முன்கூட்டியே யாரும் அக்காவுக்குச் சொல்லவில்லை. செய்ய வேண்டியது என்னவென்றால், சோதனைக்குச் சில நாள் முன்பிருந்தே பால்பவுடரோ முட்டைப்பவுடரோ அளந்து சேர்த்து அளவைக் கொஞ்சம் ஏற்றி, அது ஒரு நிலையில் நின்ற பிறகு மருந்தைக் கொடுக்க வேண்டும். பல மையங்களில் இதைச் செய்கிறார்கள். உங்கள் மையத்தில் செய்யாவிட்டால் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று, சிலருக்கு இந்த மாத்திரை மெதுவாகத்தான் கேட்கும். இரண்டு நாளில் ஒன்றும் தெரியாமல் இரண்டாவது வாரத்தில் இறங்குகிறவர்களை இந்தச் சோதனை தவறவிட்டுவிடும்.

அமெரிக்கப் பழக்கம் வேறு. அங்கே நேரடியாக மருந்தை ஆரம்பித்துவிட்டு வாரக்கணக்கில் பார்க்கிறார்கள். மருந்துச் சீட்டின்படி கிலோவுக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு மாதம் வரை பார்த்து, இறங்காவிட்டால் 20-க்கு ஏற்றி இன்னொரு மாதம். அப்போதும் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். மெதுவாகக் கேட்கிறவர்கள் இதில் தப்ப மாட்டார்கள். நள்ளிரவுக் குத்தல் கிடையாது, வாரத்துக்கு ஒன்றிரண்டு அட்டை போதும். தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டோடு, மாத்திரைகளை 120-லிருந்து 240 மில்லிலிட்டர் தண்ணீரிலோ ஆப்பிள் சாற்றிலோ கரைத்து 15 நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். முழுசாகக் கரையாது, மேலே துணுக்குகள் மிதக்கும், பரவாயில்லை, ஆனால் டம்ளரில் ஒட்டியதையும் அலசிக் குடிக்க வேண்டும்.

நீண்ட முறைக்கும் அதற்கே உரிய தொல்லை உண்டு. நான்கு வாரத்தில் ஒரு சளி காய்ச்சல் வந்தால் போதும், உடம்பு தன் தசைப் புரதத்தையே உடைத்துப் பீனைல்அலனினை ஏற்றிவிடும், மருந்து கேட்கவில்லை என்று தோன்றும். எதிர்ப்பக்கமும் நடக்கும். மருந்து கேட்க வேண்டுமே என்ற ஆசையில் வீட்டில் தன்னை அறியாமல் பத்தியத்தை இன்னும் இறுக்கிவிடுவார்கள், அளவு இறங்கும், அது மாத்திரையின் வேலையாகக் கணக்கில் ஏறும். அதனால் சாப்பாட்டுக் குறிப்பேடு இல்லாமல் இந்த முறையில் இறங்கவே கூடாது. ரத்தம் எடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும், இரவு முழுக்கச் சாப்பிடாமல் எழுந்த காலையில்தான் அளவு உச்சத்தில் இருக்கும். ஒரு தடவை அட்டை, ஒரு தடவை ஆய்வகத்தில் நரம்பு ரத்தம் என்று கலக்கவும் கூடாது, அட்டையில் எண் குறைவாகக் காட்டும்.

சரி, எது மேல்? என் முடிவு இது. மரபணு அறிக்கை முதலில். அளவு இயல்பாகவே உயரத்தில் இருப்பவருக்கு 48 மணி நேரம் நல்ல சல்லடை. கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அதை மட்டும் நம்பாதீர்கள், வாரக்கணக்கு முறைதான் வேண்டும், அதிலும் இறங்கிய சதவீதத்தை விட்டுவிட்டுச் சாப்பிட முடிந்த புரதத்தைப் பாருங்கள். 2017-ன் ஐரோப்பிய வழிகாட்டியே கடைசித் தீர்ப்புக்கு இதைத்தான் வைத்தது: ரத்த அளவு வரம்புக்குள் இருக்க, இயற்கைப் புரதம் இரட்டிப்பாக வேண்டும். அல்லது சாப்பாட்டைக் குறைக்காமலே எடுத்த ரத்தங்களில் முக்கால்வாசிக்கு மேல் வரம்புக்குள் வர வேண்டும். அக்கா மகனின் மறுசோதனை இப்படித்தான் நடந்தது. ஒரு நாளைக்கு 8 கிராம் புரதம் தாங்கிக்கொண்டிருந்தான், மாத்திரையோடு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 17 கிராமில் நின்றது, அளவு 360-ஐத் தாண்டவில்லை. 80 கிராம் வேகவைத்த உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஒரு கிராம் புரதம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போயிருந்தபோது சமையலறைத் தராசில் சாதத்தை அவனே வைத்து, எண்ணைப் பார்த்துவிட்டு, "சித்தி, இன்னும் ஒரு கரண்டி போடலாம்" என்றான்.

பச்சிளம் குழந்தைக்குப் பேச்சே வேறு. பத்தியம் தொடங்கும் முன் அளவு உயரத்தில் இருப்பதால் ஒரு தடவை கிலோவுக்கு 20 மில்லிகிராம் கொடுத்து 24 மணி நேரம் பார்ப்பது சுலபம், ஆனால் அதற்காகப் பத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. அங்கே இன்னொரு முக்கியமான வேலையும் உண்டு: துணைப்பொருளையே உடம்பு செய்யாத வேறு நோயா என்று பிரித்துப் பார்ப்பது. அதற்குச் சிறுநீரில் ப்டெரின் அளவும், அட்டை ரத்தத்தில் இன்னொரு நொதியும் பார்ப்பார்கள். அந்த நோய்க்குப் பத்தியம் மட்டும் போதாது, மூளைக்கு எல்-டோபா போன்ற மருந்தும் வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் குதிகால் சோதனை என்பது இன்னும் வராத இந்தியாவில், தாமதமாக அளவு உயர்ந்து கண்டுபிடிக்கப்படும் பிள்ளைக்கு இதைப் பார்க்காமல் விட்டால் பெரிய இழப்பு.

கேட்கவில்லை என்று பழைய கோப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று. செபியாப்டெரின் என்ற புதிய மருந்துக்கு 2025-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி வந்திருக்கிறது. உடம்புக்குள் போய் அதே துணைப்பொருளாக மாறுகிறது, நேருக்கு நேர் ஒப்பிட்ட சிறிய ஆய்வில் சாப்ரோப்டெரினைவிட அளவை அதிகம் இறக்கியது. அதன் பெரிய ஆய்வில் 14 நாள் கொடுத்து, 15 சதவீதம் இறங்கினாலே அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சாப்ரோப்டெரினில் தோற்றதால் இதிலும் தோற்பார்கள் என்று யாரும் எழுத முடியாது. பெக்வாலியேஸ் என்று இன்னொரு மருந்து, அந்த ஊசிக்கு மரபணு பார்க்க வேண்டியதே இல்லை, வெளியிலிருந்து வேறொரு நொதியையே செலுத்துகிறது. ஆனால் வாரம் ஒரு ஊசியில் தொடங்கி மாதக்கணக்கில் ஏற்ற வேண்டும், கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் அட்ரினலின் ஊசி எப்போதும் கையில் இருக்க வேண்டும், ஐரோப்பாவில் முதலில் அனுமதி வந்ததும் 16 வயதும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்குத்தான்.

அதனால் கோப்பில் "கேட்கவில்லை" என்று ஒற்றை வார்த்தை இருந்தால் அதை அப்படியே விடாதீர்கள். எந்த மருந்து, கிலோவுக்கு எவ்வளவு, எத்தனை நாள், ஆரம்பத்தில் அளவு எவ்வளவு, அந்த நாட்களில் எத்தனை கிராம் புரதம் சாப்பிட்டான் என்று ஐந்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாவது மையத்தில் அக்காவிடம் முதலில் கேட்டதே அந்த நான்காவது எண்ணைத்தான்.